ஆவிக்கும் ஒரு கோட்டை வேண்டும்

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், ஆங்கஸ் என்னும் வட்டாரத்தில், ஃபார்ஃபார் நகரிலிருந்து சில மைல் தொலைவில் கிளாம்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கும் கோட்டை, ஐரோப்பாவில் ஆவிக் கதைகளுக்குப் பெயர்பெற்ற கோட்டைகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. கூம்பு முடிகளோடு கூடிய கோபுரங்கள், தடித்த கற்சுவர்கள், நெடிய மரங்கள் அணிவகுத்த பாதை என அதன் தோற்றமே கதை கேட்க வருபவரைப் பாதி நம்பவைத்துவிடும்.

அக்கோட்டைக்குள் ஒரு சிறிய வழிபாட்டுக்கூடம் உண்டு. அதன் இருக்கைகளுள் ஒன்றில் எவரும் அமர்வதில்லை. 'சாம்பல் நிறப் பெண்மணி' என்று அழைக்கப்படும் ஆவிக்காக அந்த இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாகப் பார்வையாளர்களுக்குச் சொல்லப்படுகிறது. யார் அந்தப் பெண்மணி என்று கேட்டால், சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்ட கிளாம்ஸ் சீமாட்டி என்பார்கள். கேட்பவர் ஒரு கணம் உறைந்துபோவார். பிறகு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்.

பொருளியல் கற்பித்துக் காலம் கழித்த எனக்கு, எந்த நிகழ்வைக் கேட்டாலும் 'இதனால் ஆதாயம் அடைந்தவர் யார்' என்று கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆவிக் கதைகளிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஆவி உண்டா, இல்லையா என்னும் விவாதத்தைவிட அது பயன் தரும் என்பதற்கு கிளாம்ஸ் கோட்டை நல்ல சான்று.

முதலில் கோட்டையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ராபர்ட், 1372-ஆம் ஆண்டில் கிளாம்ஸ் நிலப்பகுதியை ஜான் லயன் என்பவருக்கு மானியமாக அளித்தார். 1376-இல் மன்னரின் மகளையே ஜான் லயன் மணந்தார். அன்றுமுதல் இன்றுவரை, இடையில் ஏற்பட்ட ஒரே ஒரு முறிவைத் தவிர, கிளாம்ஸ் அக்குடும்பத்தின் வசமே இருந்துவருகிறது. பின்னாளில் ஸ்ட்ராத்மோர் பிரபுக்கள் எனப் பட்டம் பெற்றவர்கள் இவர்களே. இரண்டாம் எலிசபெத் அரசியின் தாயார் இக்குடும்பத்தில் பிறந்தவர்; இளமையின் ஒரு பகுதியை இங்கே கழித்தவர். அரசியின் தங்கை மார்கரெட் 1930-ஆம் ஆண்டு இக்கோட்டையில்தான் பிறந்தார்.

இவ்வளவு பழைமையும் அரச உறவும் சேர்ந்த இடத்தில் கதைகள் முளைப்பதில் வியப்பில்லை. ஆனால், அவற்றை ஆண்டுக்கணக்கோடு ஒப்பிட்டால் சில வேடிக்கைகள் புலப்படும். ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் மால்கம் 1034-இல் கிளாம்ஸில் இறந்தார் என்பது மரபு. அவர் கொலையுண்டதாகவும், அவருடைய குருதிக்கறை இக்கோட்டைத் தரையில் அழிக்க முடியாமல் நின்றதாகவும் கதை சொல்கிறது. இன்று நாம் காணும் கோட்டையின் மிகப் பழைய பகுதியோ அவர் இறந்து ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுப்பப்பட்டது.

மக்பெத் கதையும் இத்தகையதே. ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் மக்பெத்தைக் கிளாம்ஸின் தலைவன் என்று குறிப்பிட்டார். விளைவு, டங்கன் மன்னர் கொலையுண்ட இடம் இதுதான் என்று காட்ட, கோட்டையில் டங்கன் பெயரால் ஒரு கூடமே இருக்கிறது. வரலாற்றில் வரும் டங்கன் 1040-இல் எல்ஜின் நகருக்கு அருகே போரில் மாண்டவர். வரலாற்று மக்பெத்துக்கும் இக்கோட்டைக்கும் தொடர்பு ஏதும் இல்லை.

இவையெல்லாம் தீங்கற்ற கற்பனைகள். இவற்றால் இழப்பு யாருக்கும் இல்லை. வழிபாட்டுக்கூடத்தில் காலியாக விடப்பட்டிருக்கும் இருக்கையின் கதை அப்படிப்பட்டதன்று.

அந்தச் சீமாட்டியின் பெயர் ஜேனட் டக்ளஸ். ஆறாம் கிளாம்ஸ் பிரபுவான ஜான் லயனின் மனைவி. அவருடைய உடன்பிறந்தவர் ஆங்கஸ் பிரபு ஆர்ச்சிபால்ட் டக்ளஸ். ஜேனட்டின் துயரம் அவர் செய்த செயலில் தொடங்கவில்லை; அவர் பிறந்த குடும்பத்தில் தொடங்கியது.

1513-ஆம் ஆண்டில் ஃபிளாடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் வீழ்ந்தபோது, அவருடைய மகன் ஐந்தாம் ஜேம்ஸ் கைக்குழந்தை. கணவனை இழந்த அரசி மார்கரெட், அடுத்த ஆண்டே ஆங்கஸ் பிரபுவை மணந்தார். மாற்றாந்தந்தையான ஆங்கஸ், பின்னர் சிறுவனாக இருந்த மன்னரைத் தம் பிடியில் வைத்துக்கொண்டு, அவர் பெயரால் நாட்டை ஆண்டார். மன்னர் என்ற பெயர் தமக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு என்ற நிலையில் வளர்ந்த ஐந்தாம் ஜேம்ஸ், 1528-இல் தமது பதினாறாம் வயதில் தப்பி வெளியேறினார். டக்ளஸ் குடும்பத்தின்மீது அவர் கொண்ட பகை அவர் வாழ்நாள் முழுவதும் தணியவில்லை. ஆங்கஸ் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். மன்னரின் கைக்கு எட்டாத தூரத்துக்கு அவர் போய்விட, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் ஜேனட்.

அதே 1528-இல் ஜேனட்டின் கணவர் இறந்தார். தப்பியோடிய சகோதரர்களுக்கு உதவினார் என்று முதலில் ஜேனட்மீது குற்றம் சுமத்தப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, கணவருக்கு நஞ்சிட்டுக் கொன்றார் என்று இன்னொரு குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வழக்கில் நடுவர்களாக அமர அழைக்கப்பட்ட பிரபுக்கள் பலர் அபராதம் செலுத்த நேர்ந்தாலும் பரவாயில்லை என்று வராமலே இருந்துவிட்டனர்; வழக்கு நிலைக்கவில்லை. ஜேனட் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். புயல் ஓய்ந்தது என்றுதான் அவர் எண்ணியிருக்க வேண்டும்.

1537-இல் மூன்றாவது முறையாகக் குற்றச்சாட்டு வந்தது. இம்முறை, மன்னரையே நஞ்சிட்டுக் கொல்லச் சதி செய்தார் என்பது வழக்கு. நாடு கடந்து வாழும் சகோதரர்களோடு தொடர்பு வைத்திருந்தார் என்பதும் சேர்ந்துகொண்டது. அந்த ஜூலை 7-ஆம் நாள், மணமாகி ஓராண்டுகூட நிறையாத மன்னரின் இளம் மனைவி மதலேன் நோயுற்று இறந்திருந்தார். அடுத்த பத்தாம் நாள், ஜூலை 17 அன்று, எடின்பரோ கோட்டையின் முன்னுள்ள குன்றில் ஜேனட் உயிரோடு எரிக்கப்பட்டார். கோட்டையில் சிறைப்பட்டிருந்த கணவர் கேம்ப்பெல் தப்ப முயன்று பாறையில் விழுந்து மாண்டார். ஜேனட்டின் பதின்பருவ மகனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது; ஆனால் உடனே நிறைவேற்றப்படாமல் அவர் சிறையில் வைக்கப்பட்டார்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். ஆதாயம் யாருக்கு? அரச துரோகக் குற்றம் உறுதியானால், குற்றவாளியின் உடைமைகள் அரசுக்குச் சேரும். கிளாம்ஸ் கோட்டையும் அதன் நிலங்களும் மன்னர் வசமாயின. மன்னர் தம் பரிவாரத்தோடு வந்து இங்கே தங்கவும் செய்தார். 1542 டிசம்பரில் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஜேனட்டின் மகனை விடுவித்து, கோட்டையையும் பட்டத்தையும் அவரிடம் திருப்பி அளித்தது. குற்றச்சாட்டின் ஆயுள் மன்னரின் ஆயுளைவிட ஓராண்டுகூட நீளவில்லை என்பதைக் கவனித்தால், அதன் வலிமை எத்தகையது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். ஜேனட்மீது நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட குற்றம் துரோகம், சூனியம் அன்று. ஸ்காட்லாந்தில் சூனியத்தைக் குற்றமாக்கிய சட்டம் 1563-இல்தான் இயற்றப்பட்டது. அதாவது, அவர் எரிக்கப்பட்டு 26 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனாலும், பெண் ஒருத்தி எரிக்கப்பட்டாள் என்றதும் பிற்காலத்தவர் மனத்தில் 'சூனியக்காரி' என்ற சொல் தானாக வந்து அமர்ந்துகொண்டது. அந்த ஒரு சொல் என்ன வேலையைச் செய்துவிட்டது என்று பாருங்கள். துரோக வழக்கு என்றால், யாருக்கு எதிரான துரோகம், வழக்குத் தொடுத்தவர் யார், நிலம் யாரிடம் போனது என்றெல்லாம் கேட்கத் தோன்றும். சூனிய வழக்கு என்றால், 'அந்தக் கால மூடநம்பிக்கை' என்று பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடலாம். கொலைக்கான பொறுப்பு ஒரு மன்னரின் தோளிலிருந்து இறங்கி, காலத்தின் தோளில் ஏறிவிடுகிறது. காலத்தைக் கூண்டில் ஏற்ற யாரால் முடியும்?

அவர் ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் வழிபாட்டுக்கூடம் 1688-இல் புனிதப்படுத்தப்பட்டது. ஜேனட் இறந்து 150 ஆண்டுகள் கழித்து உருவான கூடம் அது. தாம் ஒருநாளும் காணாத ஓர் இடத்தில் வந்து அவர் முழந்தாளிட்டு வேண்டுவதாகக் கதை கூறுகிறது. ஆனாலும் அந்தக் காலி இருக்கையை நான் எள்ளி நகையாட மாட்டேன். நீதிமன்றம் செய்யாத ஒன்றை அது செய்கிறது: இங்கே ஒருத்திக்கு அநீதி நடந்தது என்று ஒவ்வொரு நாளும் நினைவூட்டுகிறது. குறை என்னவென்றால், அநீதி இழைத்தவரின் பெயரை அது சொல்வதில்லை. கடன் தொகையை எழுதி வைத்துவிட்டு, கடன்பட்டவரின் பெயரை அழித்துவிட்ட கணக்குப் புத்தகம் போன்றது அது.

கோட்டையிலிருந்து சற்று வெளியே வருவோம். அருகிலுள்ள ஃபார்ஃபார் நகரில் 1661, 1662 ஆண்டுகளில் சூனிய வேட்டை ஒன்று நடந்தது. இவை உண்மையான சூனிய வழக்குகள். ஹெலன் கத்ரி போன்ற எளிய பெண்கள் அதில் உயிரிழந்தனர். ஸ்காட்லாந்து முழுவதிலும் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்களை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து திரட்டியபோது, எண்ணிக்கை 3,837-ஐத் தொட்டது. பாலினம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். அந்தச் சட்டம் 1736-இல் நீக்கப்பட்டது. 2022 மார்ச் 8, உலக மகளிர் நாளன்று, ஸ்காட்லாந்தின் அன்றைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன், இந்த வரலாற்று அநீதிக்காக முறைப்படி மன்னிப்புக் கோரினார்.

சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்படாத சீமாட்டி, சூனியக்காரியின் ஆவியாக உலகப் புகழ் பெற்றிருக்கிறார். சூனியக்காரிகள் என்றே கொல்லப்பட்ட ஃபார்ஃபார் பெண்களைக் காண எந்த நாட்டிலிருந்தும் பயணிகள் திரண்டு வருவதில்லை. ஆவியாகத் திரிவதற்கும் ஒரு கோட்டை வேண்டியிருக்கிறது. வாழ்நாளில் வீடில்லாதவர்களுக்கு இறந்த பிறகும் முகவரி கிடைப்பதில்லை.

கிளாம்ஸின் பிற்காலச் செல்வத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1767-இல் ஒன்பதாம் ஸ்ட்ராத்மோர் பிரபு, மேரி எலினார் போஸ் என்ற பெருஞ்செல்வச் சீமாட்டியை மணந்தார். வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதி நிலக்கரிச் சுரங்கங்கள் தந்த செல்வம் அது. குடும்பப் பெயரோடு 'போஸ்' என்பது இணைந்ததும் அதனால்தான். அக்காலச் சுரங்கங்களில் விபத்துகளுக்குக் குறைவில்லை. ஆனால், கோட்டையின் ஆவிப் பட்டியலில் சுரங்கத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. பணியாள் வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறுவன் உண்டு. கொடுமைப்படுத்தப்பட்ட கறுப்பினச் சிறுவன் ஒருவன் ஓர் அறைவாசலில், கல்லிருக்கையில் காத்துக் கிடப்பதாகச் சொல்கிறார்கள். கதையிலும் அவனுக்குப் பெயர் இல்லை; அறைக்குள் நுழைய அனுமதியும் இல்லை.

கிளாம்ஸின் கதைகளுள் மிகப் புகழ்பெற்றது இன்னும் சொல்லப்படவில்லை. அது இரகசிய அறையின் கதை. எழுத்தாளர் வால்டர் ஸ்காட், தமது பத்தொன்பது அல்லது இருபது வயதில் இக்கோட்டையில் ஓர் இரவு தங்கினார். 1771-இல் பிறந்தவர் அவர். ஆகவே அது 1790-ஐ ஒட்டிய காலம். பேய் நம்பிக்கை, சூனியம் ஆகியவை குறித்து 1830-இல் வெளியிட்ட நூலில் அவர் அந்த இரவை நினைவுகூர்ந்தார். கோட்டையில் ஓர் இரகசிய அறை இருப்பதாகவும், பிரபு, அவருடைய வாரிசு, அவர்கள் நம்பும் மூன்றாம் நபர் ஒருவர் ஆகிய மூவருக்கு மட்டுமே அது தெரிந்திருக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம் எனவும் அவர் குறிப்பிட்டார்.

அந்த அறைக்குள் என்ன இருக்கிறது? இக்கேள்விக்கு விடைகள் பல. சூதாட்டப் பித்துப் பிடித்த பிரபு ஒருவர், ஓய்வுநாளில் சாத்தானோடு சீட்டாடி, ஊழிக்காலம் வரை ஆடிக்கொண்டே இருக்கும்படி அடைபட்டிருக்கிறார் என்பது ஒன்று. அடைக்கலம் தேடி வந்த பகைக்குடியினரை உள்ளே வைத்துப் பூட்டி, பட்டினியால் மாளவிட்டார்கள் என்பது இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றையெல்லாம் விஞ்சி ஒரு விடை பரவியது. கிளாம்ஸ் வாரிசுக்கு 1821 அக்டோபரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே இறந்ததாக ஆவணங்கள் கூறுகின்றன. அக்குழந்தை இறக்கவில்லை, உடற்குறையோடு பிறந்ததால் பிரபு பட்டத்துக்குத் தகுதியற்றவன் என்று கருதி, அந்த இரகசிய அறையில் அடைத்து வளர்த்தார்கள் என்று ஊர் பேசியது. அவனுக்கு ஊர் இட்ட பெயர், 'கிளாம்ஸின் கோர உருவம்'. விருந்தினர் சிலர் எல்லா அறைச் சன்னல்களிலும் துண்டுகளைத் தொங்கவிட்டு, வெளியே வந்து எண்ணிப் பார்த்தபோது துண்டு தொங்காத சன்னல்களும் இருக்கக் கண்டார்கள் என்றொரு கிளைக்கதையும் உண்டு.

தேதிகளை ஒப்பிட்டால் போதும். குழந்தை பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே இரகசிய அறை பற்றிய பேச்சு இருந்திருக்கிறது. குழந்தைக்காக அறை உண்டாகவில்லை. காலியாக இருந்த அறைக்கு ஒரு குழந்தையைக் கற்பனை கொண்டுவந்து சேர்த்தது. அப்படியொரு கைதி வாழ்ந்தான் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

எனவே இது வெறும் கட்டுக்கதை என்று முடித்துவிடலாம். ஆனால், 1987-இல் பிரிட்டனின் செய்தித்தாள்கள் வெளியிட்ட ஓர் உண்மைக் கதை அவ்வாறு முடிக்கவிடாமல் தடுக்கிறது. அரசித் தாயாரின் அண்ணன் ஜான் போஸ்-லயனின் மகள்களுள் இருவர் நெரிஸா, கேத்ரின். இருவரும் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்தவர்கள். 1941-இல் அவர்கள் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருந்த ராயல் எர்ல்ஸ்வுட் என்ற மனநல விடுதியில் சேர்க்கப்பட்டனர். அப்போது நெரிஸாவுக்கு வயது 22, கேத்ரினுக்கு 15. பிரிட்டன் பிரபுக் குடும்பங்களின் வழிமுறையைத் தொகுத்து வெளியிடும் 'பர்க்ஸ் பியரேஜ்' என்ற நூலின் 1963-ஆம் ஆண்டுப் பதிப்பு, நெரிஸா 1940-லும் கேத்ரின் 1961-லும் இறந்துவிட்டதாக அச்சிட்டது. உண்மையில் நெரிஸா 1986 வரை வாழ்ந்தார். கேத்ரின் மறைந்தது 2014-இல். நெரிஸாவின் கல்லறையில் பெயர்க்கல்கூட இருக்கவில்லை. எண் குறித்த சிறிய அடையாளம் மட்டுமே இருந்தது. பெண்களின் தாய் படிவங்களைச் சரிவர நிரப்பாததால் நேர்ந்த பிழை என்று குடும்பத்தின் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது.

இந்தச் சகோதரிகள் கிளாம்ஸ் கோட்டையில் அடைக்கப்பட்டவர்கள் அல்லர். அக்காலத்தில் இத்தகைய குறைபாடு உடையோரை விடுதிகளில் விட்டுவிடுவது எல்லா வகுப்பினரிடமும் இருந்த வழக்கம். மருத்துவர்களே அதைப் பரிந்துரைத்தனர். ஆகவே ஒரு குடும்பத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. எனினும் ஒப்பீடு நம்மை உறுத்தத்தான் செய்கிறது. 1821-இல் இறந்த குழந்தையை உயிரோடு இருப்பதாக ஊர் கற்பனை செய்தது. 1963-இல் உயிரோடு இருந்த இரு பெண்களை இறந்ததாக ஏடு பதிவு செய்தது. முன்னதைக் கேட்டுச் சிலிர்க்கக் கூட்டம் கூடியது. பின்னதைப் பற்றிக் கால் நூற்றாண்டு காலம் எவரும் கேட்கவே இல்லை.

ஊர்க்கதை பொய்யாக இருக்கலாம். ஆனால் அதைப் பெற்றெடுத்த அச்சம் பொய்யன்று. பட்டமும் சொத்தும் மூத்த மகனுக்கே என்ற முறை நிலவிய சமூகத்தில், வாரிசின் உடல்நலமும் அறிவுநலமும் குடும்பத்தின் முதலீடாகவே கருதப்பட்டன. குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் குடும்பத்தின் திருமணச் சந்தை மதிப்பே சரியும். மறைப்பதற்கான காரணம் கொடூர மனம் அன்று, கணக்கு. அந்தக் கணக்கை வெளிப்படையாகப் பேச இயலாத சமூகம், கோர உருவம் என்ற கதையாக அதைப் பேசியது. அப்போதும், அடைத்தவர்களைக் கோரமானவர்கள் என்று சொல்லவில்லை, அடைக்கப்பட்டவனைத்தான் சொன்னது.

ஜேனட் சூனியக்காரி ஆனதும், பெயரறியாக் குழந்தை கோர உருவம் ஆனதும் ஒரே வழியில்தான். பாதிக்கப்பட்டவர் அச்சமூட்டும் உருவமாகிறார்; பாதிப்பை உண்டாக்கியவர் கதையை விட்டே வெளியேறிவிடுகிறார்.

இன்று கோட்டை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. பழைய கட்டடங்களின் கூரையைப் பழுதுபார்க்கவும் பணம் வேண்டும்; நிலவருவாய் மட்டும் அதற்குப் போதாத காலம் இது. ஆவிக் கதைகள் நுழைவுச்சீட்டு விற்கின்றன. அச்சீட்டுகள் கோட்டையைக் காக்கின்றன. அதில் குறைகாண எதுவும் இல்லை. ஜேனட்டை எரித்துக் கோட்டையைப் பறித்த மன்னரின் அரண்மனை வாழ்வு ஐந்தே ஆண்டுகளில் முடிந்தது. அவருடைய ஆவியைக் காணும் ஆவலோடு வருவோர் தரும் பணம் அக்கோட்டையைக் காத்துவருகிறது. வரலாற்றில் சில கடன்கள் இப்படி விந்தையான வழிகளில் வசூலாகின்றன.

ஆகவே, கதை சொல்லட்டும், விளக்குகள் மங்கட்டும், கேட்பவர்கள் சிலிர்க்கட்டும். ஆனால் எந்த ஊர்க் கோட்டையின் எந்த ஆவிக் கதையைக் கேட்டாலும், அந்த உருவத்தைக் கண்டவர்கள் யார் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அவர் எப்படி இறந்தார், அவர் இறந்தபின் அவருடைய நிலம் யாரிடம் போனது, கதையில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். கிளாம்ஸின் வழிபாட்டுக்கூடத்தில் ஜேனட் டக்ளஸுக்கு ஓர் இருக்கை கிடைத்துவிட்டது. ஐந்தாம் ஜேம்ஸின் பெயரையும் அதனருகே சேர்த்துச் சொல்லும் நாளில்தான் அவர் கதை முழுமை பெறும்.